சோதனை ஓட்டம்

பெங்களூரின் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவுக்கு மெட்ரோ விடுமுன் காலிப் பெட்டிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, 2025 ஆகஸ்டில்தான் பயணிகளை ஏற்றினார்கள். ஆங்கிலம் எடுக்கப் போகும் பி.எட். மாணவருக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் நாளே வண்டி நிறைய ஆள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் 20 வாரக் களப் பயிற்சி கேட்கின்றன. அதற்குள் தைரியம் வருமா என்றால், வருகிறது, மேற்பார்வையாளர் வராத நாட்களில். கன்னடமும் தெலுங்கும் தமிழும் இந்தியும் பேசும் அந்தத் தொழிற்பேட்டைப் பிள்ளைகள் முன் சரளமாக வந்த ஆங்கிலம், கடைசி பெஞ்சில் ஒருவர் நோட்டைத் திறந்ததும் தொண்டையில் சிக்குகிறது. கையில் சாக்பீஸ் உடைகிறது. ஆக, பயம் பிள்ளைகளிடம் இல்லை, மதிப்பெண்ணிடம். கண்காணிக்காவிட்டால் தவறை யார் திருத்துவது என்பார்கள். நியாயம்தான். திருத்துகிறவரே முதலில் ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும். பயிற்சி மாணவர் நோட்டோடு பின்னால் உட்காரட்டும். அதன்பிறகு மதிப்பெண் தாளின் 'தன்னம்பிக்கை' கட்டத்தில் குறைத்துப் போட யாருக்கும் கை வராது.