கெனாவும் ரீச்சிங்கும்: ஜொகூர் ஆங்கில வினைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜொகூர் மாநிலத்தில் வழங்கும் ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை இருவகைப்படும். கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் சொல்வது ஒன்று. வெளியே நம்பர் சீட்டோடு நிற்பவர் சொல்வது மற்றொன்று. பள்ளி இலக்கண நூல்கள் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் அடைத்துவிட்டதால், மாணவர்கள் தேர்வில் தேறி, கவுன்டரில் தோற்கிறார்கள்.

உள்வகைக்கு எடுத்துக்காட்டு: ‘யுவர் எப்ளிகேஷன் இஸ் பீயிங் ப்ரோசெஸ்ட்.’ இதில் விண்ணப்பம் உண்டு. விண்ணப்பித்தவர் எதிரிலேயே நிற்கிறார். வினையும் விடாமல் நடக்கிறது. செய்பவரை மட்டும் காணோம். அவரைத் தேடி இரண்டாம் மாடி ஏறினால், அவர் தே தாரிக் குடிக்கப் போயிருக்கிறார் என்று சுத்தமான செய்வினையில் பதில் கிடைக்கும்.

இவ்வகைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் அமெரிக்க அதிபர் ரேகன். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் தவறுகள் செய்யப்பட்டதாக 1987இல் தம் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். யாரால் என்பதை வாக்கியம் தாங்கவில்லை. செய்வினை இயலும் இடத்தில் செயப்பாட்டுவினையை விலக்குக என 1946இல் விதி வகுத்தவர் ஜார்ஜ் ஆர்வெல். விதி இடம்பெற்ற அதே கட்டுரையில் விலக்கப்பட்ட வினை தாராளமாகப் புழங்குகிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் வேதமாகிய ஸ்ட்ரங்க்–ஒயிட் நடைக்கையேடு இதே வினையைக் கண்டித்துத் தந்த நான்கு உதாரணங்களில் மூன்று செயப்பாட்டுவினையே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009இல் சுட்டிக்காட்டினார். ஒரு வினையை ஒழிக்கக் கிளம்புபவர் அதை முன்பின் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் புலமையுலகில் இல்லை.

‘இஸ் பீயிங்’ என்ற தொடருக்கே ஆங்கிலேயர் வீட்டில் நெடுங்காலம் இடமில்லை. ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதை அவர்கள் ‘வீடு கட்டிக்கொண்டிருக்கிறது’ என்ற பொருள்படச் சொல்லி வந்தார்கள். வீடு யாரைக் கட்டுகிறது என்று எவரும் கேட்கவில்லை. புது வடிவத்தின் பழைய சான்றுகளுள் ஒன்று கவிஞர் ராபர்ட் சதே 1795இல் எழுதிய கடிதம். அதில் நாவிதர் ஒருவர் கையில் ஒருவனுடைய கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அவ்வளவு வேதனையைச் சொல்லப் பழைய இலக்கணம் போதவில்லை போலும். 1870இல் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் இந்த வடிவத்தைத் தாக்க ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். அவரை மறுத்தெழுதிய ஃபிட்ஸெட்வர்ட் ஹால், காசியில் சமஸ்கிருதக் கல்லூரியில் பணியாற்றியவர். இரு அறிஞர்களும் இதற்காகச் செலவிட்ட மையில் ஜொகூரின் நிலுவை விண்ணப்பங்கள் பலவற்றில் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

வெளிவகைக்கு உருபு ‘கெனா’. மலாயிலிருந்து வந்தது, படுதல், தாக்குதல் என்று பொருள்படும். ‘ஐ கெனா சம்மன்’, ‘ஹி கெனா ஸ்கோல்ட்’ என வரும். இங்கும் செய்தவர் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் காரணம் வேறு. உள்வகையில் செய்தவரைச் சொல்ல மனமில்லை, வெளிவகையில் சொல்லத் தேவையில்லை. திட்டியது தவுக்கே, அதாவது முதலாளி, என்பது கேட்பவருக்கும் தெரியும்.

கெனாவின் பின் துன்பமே வரும் என்பது விதி. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் இதைப் பாவ் ஜிமிங், லயனல் வீ என்னும் இருவர் 1999இல் ஆராய்ந்து, திட்டு ‘கெனா’வாகலாம், பாராட்டு ‘கெனா’வாகாது என்று நிறுவினர். ‘அடிபட்டான்’, ‘அவதிப்பட்டான்’ என்று கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் புதுமை இல்லை. தமிழின் ‘படு’வும் பட்டறிந்து வந்த சொல்தான், மேடைத் தமிழ் அதை நல்ல காரியங்களுக்கும் நீட்டியதால் குழப்பம் வந்தது. ‘தலைவர் பாராட்டப்பட்டார்’ என்னும் தொடரில் பட்டவர் தலைவரா, மூன்று மணி நேரம் நாற்காலியில் இருந்தவர்களா என்பது தனியே ஆராயத் தக்கது.

இதற்குப் புறனடை ஒன்றுண்டு: நம்பர் குலுக்கல். ‘ஹி கெனா ஃபோர்-டி’ என்றால் பரிசு விழுந்துவிட்டது என்று பொருள். விதியைக் காப்பாற்ற நினைக்கும் உரைகாரர், அடுத்த மாதமே கடன் கேட்டு வரப்போகும் உறவினர்களைக் கணக்கில் எடுத்து, இதையும் துன்பத்திலேயே அடக்கிவிடலாம். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டி நச்சினார்க்கினியர் பொருள் கண்டதைவிட இது எளிது. ‘கெனா ப்ரொமோட்’ என்பதற்கு அந்தச் சிரமமும் வேண்டாம். வேலை கூடி, சம்பளம் கூடாதபோது மட்டுமே அது வரும்.

சீன வழக்கை ஒட்டிய ‘கிவ்’ செயப்பாட்டுவினையும் உண்டு. அதில் ‘ஜான் கிவ் பாஸ் ஸ்கோல்ட்’ என்றால் திட்டு வாங்கியவர் ஜான்.

இனித் தொடர்வினை. நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு ‘-இங்’ ஆகாது என்பதால் ‘ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்’ என்று எழுதிய தோட்டப்பள்ளி மாணவனுக்குச் சிவப்பு மை விழுந்தது. 2003இல் மெக்டோனல்ட்ஸ் ‘ஐ ஆம் லவின் இட்’ என்று உலகெங்கும் பலகை வைத்தது. சிவப்பு மை அந்த உயரத்துக்கு எட்டவில்லை.

ஜொகூர்த் தொடர்வினைகளுள் தலையாயது ‘ரீச்சிங்’. தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் 1957இல் ஆங்கில வினைகளை நிலை, செயல், நிறைவேற்றம், எய்தல் என நான்காகப் பகுத்தார். எய்தல் ஒரே கணத்தில் முடிவது. ஆதலால் அதற்குத் தொடர்வடிவம் பொருந்தாது என்றார். அதற்கு அவர் தந்த உதாரணங்களில் சிகரத்தை அடைவதும் எல்லையைக் கடப்பதும் அடங்கும். எல்லையைக் கடப்பது ஒரு கணத்து வேலை என்று எழுதியவர், வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸில் 170ஆம் எண் பேருந்துக்கு வரிசையில் நின்றவரல்லர் என்பதற்கு இதுவே அகச்சான்று. துரத்துபவன் ஆமையை எட்டவே முடியாது என்று வாதிட்ட கிரேக்கருக்கும் ஸீனோ என்றே பெயர். ஜொகூர் பாலத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றே சரி.

1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் 1 கிலோமீட்டரும் சற்றுக் கூடுதலும். நடந்தால் கால் மணி நேரம். காடியில் போனால் சொல்வதற்கில்லை. 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷார் அதை உடைத்துவிட்டுப் பின்வாங்க, ஜப்பானியப் படை பிப்ரவரி 8 இரவுதான் படகேறி நீரிணையைக் கடந்தது. புக்கிட் சாகரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயிலில் சுமார் 5 நிமிடத்தில் அக்கரை சேரலாம் என்பது திட்டம். அது ஓடத் தொடங்கினால் வெண்ட்லருக்கு ஓரளவு நியாயம் கிடைக்கும். அதுவரை பாலத்தின் நடுவில் நிற்பவர் சொல்லத்தக்க ஒரே நேர்மையான வினைவடிவம் ‘ரீச்சிங்’தான்.

சிக்கல், பாலத்தில் ஏறாதவர் அதைச் சொல்லும்போது எழுகிறது. பேசுபவர் குளித்து முடித்த பிறகே ‘ரீச்சிங்’ வரும் என்பது தம்போய் மரபு. குளியலறைக் கதவைத் திறந்தாலே போதும் என்பது மாசாய் மரபு. எழுந்தவுடன் சொல்லிவிட்டால் மனச்சாட்சிக்கு நல்லது எனக் கொள்ளும் மூன்றாவது மரபினர் எங்கும் பரவியிருப்பதால் ஊர்ப்பெயர் பெறவில்லை.

மூலபாடமாக விளங்குவது வாட்ஸ்ஆப் குடும்பக் குழு. கல்யாண வீட்டு விருந்து நாளன்று கிடைக்கும் பிரதிகளில் ‘ஓடிடபிள்யூ’ (ஆன் தி வே) என்பது பழம்பாடம். அத்தை பிரதியில் ‘ரீச்சிங் மா’ எனவும், அத்தை மகன் பிரதியில் ‘ரீச்சிங் லா’ எனவும் வேறுபாடு காணப்படும். ‘லா’ அசைநிலை என்பாரும், எரிச்சற்குறிப்பு என்பாரும் உளர். பெரிய மாமா பிரதியில் கட்டைவிரல் ஒன்றே எஞ்சியுள்ளது. அது மூலமா உரையா எனத் துணிய இயலவில்லை. குலாயிலிருந்து வந்த குரற்பதிவில் ‘ரீச்சிங், ரீச்சிங்’ என்ற அடுக்குத்தொடரின் பின்னணியில் நீர் விழும் ஓசை கேட்கிறது. அதை மழை எனக் கொண்டு, பேசியவர் நெடுஞ்சாலையில் இருந்தார் எனக் கொள்வது ஒரு வாசிப்பு. குழாய் எனக் கொண்டு, மாசாய் மரபு குலாய் வரை பரவியிருந்தது எனக் கொள்வது மற்றொன்று. அன்று மழை பெய்ததா என்று வெளியே எட்டிப் பார்ப்பது பதிப்பு முறைக்கு ஒவ்வாது. எல்லாப் பிரதிகளும் சமையல் முடிவதற்கு முற்பட்டவை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. கையில் கிடைத்ததை எல்லாம் முற்பட்டது என்று சொல்வது பதிப்பாசிரியர்களுக்கு இயல்பாதலின், இதையும் ஐயத்தோடு ஏற்க வேண்டும்.

‘ரீச்சிங்’கின் முடிவைக் காட்டும் இடைச்சொல் ‘ஆல்ரெடி’. மலாயின் ‘சுடா’ செய்யும் வேலையை இது செய்யும். ‘ரீச் ஆல்ரெடி’ என்று வந்தால் மமாக் கடையில் காத்திருப்பவர் அவருக்கும் சேர்த்து ரொட்டி சானாய் சொல்லிவிடலாம். காடி நிறுத்த இடம் தேடும் அரைமணி நேரமும் ‘ஆல்ரெடி’யிலேயே அடங்கும். இடம் கிடைக்காமல் மஞ்சள் கோட்டில் நிறுத்தியவருக்கு உரிய விதி ‘கெனா’ என்பதன்கீழ்க் கூறப்பட்டது.