டக்... டக்... டக்...

செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீஸரில் வைத்தால் பிழைத்துக்கொள்ளுமாமே?

பட்டாணி பிழைக்கும். பழைய டிஸ்க்குகள் சில குளிரில் கொஞ்ச நேரம் ஓடியதுண்டு. ஆனால் வெளியே எடுத்ததும் உள்ளேயிருக்கும் தட்டில் ஈரம் கோக்கும். அந்த ஈரத்தட்டு சுழன்றால் மிச்சம் மீதியும் போச்சு.

ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருக்கிறது. திறந்து பார்க்கலாமா?

உள்ளே இருப்பது உங்கள் கல்யாண வீடியோவா, பக்கத்து வீட்டுக்காரருடையதா?

தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும், கீறல் விழ. ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துவதுதான் முதலுதவி. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பவர்களே டிஸ்க்கின் பரம எதிரிகள்.

அப்போ கதை முடிந்ததா?

2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் வானில் சிதறியபோது, அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் கருகித் தரையில் விழுந்தது. மாதக்கணக்கில் வறண்ட ஏரிப்படுகையில் கிடந்தது. பார்த்தால் உருகிய உலோகக் கட்டி! கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் நிபுணர்கள் தட்டுகளைக் கழுவி, வேறொரு டிஸ்க்கில் பொருத்தி, சுமார் 99 சதவீதத் தரவை மீட்டுவிட்டார்கள்.

அதில் பதிவாகியிருந்த செனான் வாயு ஆய்வின் முடிவுகள் 2008-இல் அச்சாயின. கழுவியது சமையலறைத் தொட்டியில் அல்ல.