பென்டிரைவில் வந்த பென்குயின்

? லினக்ஸில் நூற்றுக்கணக்கில் டிஸ்ட்ரோ இருக்கிறதாமே! கற்றுக்குட்டி எதைப் போடுவது?
– கல்லூரி மாணவர், பழனி அடிவாரம்

லினக்ஸ் மிண்ட், சின்னமன் பதிப்பு. இதற்கு மேல் ஆராய்ச்சி செய்தால் முனைவர் பட்டம் கிடைக்கும், கம்ப்யூட்டர் வேலைக்கு வராது.

? அதில் அப்படி என்ன உசத்தி?
– அவருடைய நண்பர், அதே அடிவாரம்

இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி. விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. 2006-இல் பிறந்தது, உபுண்டுவின் மேல் கட்டியது. ஆகவே உபுண்டுவுக்கு எழுதி வைத்த வைத்தியம் பெரும்பாலும் இதற்கும் கேட்கும். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதற்குள் டிகிரியையும் முடிக்கலாம், அரியரையும் முடிக்கலாம்.

? கடை கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லையாம். எடைக்குப் போட்டுவிடவா?
– விபூதி வியாபாரி, சன்னதி வீதி

கூடவே கூடாது. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், புதுத் தலைமுறை பிராசஸர் வேண்டும். மிண்ட் அந்த ஜாதகமெல்லாம் பார்ப்பதில்லை. 4 ஜிபி ராம் இருந்தால் பில் போடும், கணக்கு எழுதும். ஆனால் டேலி இல்லாமல் ஆடிட்டர் பேசமாட்டார் என்றால் விண்டோஸும் பக்கத்தில் இருக்கட்டும். டேலி லினக்ஸில் நேராக ஓடாது.

? பள்ளியில் அக்காவுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் பரணில் கிடக்கிறது. 2 ஜிபி ராம். அதில் லினக்ஸ் ஓடுமா?
– பிளஸ் டூ மாணவி, நெய்க்காரப்பட்டி

ஓடுமாவா? வரும்போதே ஓடிக்கொண்டுதான் வந்தது, கண்ணு! 2011 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை வைத்துச் செய்து 2007-இல் வெளியிட்ட நம்மூர்ச் சரக்கு. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். அக்காவிடம் கேட்டுப் பார், ஒரு தடவையாவது பாஸுக்குள் போனாளா என்று.

தப்பு அவள்மேல் இல்லை. பழனியில் ரயிலேறினால் பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காடு. அங்கே அரசுப் பள்ளிக்குள் எட்டிப் பார்: ஐ.டி. பாடம் முழுக்க லினக்ஸில். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பில் பரீட்சையும் வைத்தார்கள். நாம் லேப்டாப் கொடுத்தோம், அவர்கள் மதிப்பெண் கொடுத்தார்கள். மதிப்பெண் இல்லாத பாடத்தை எந்த அக்கா திறப்பாள்?

இறக்கித் துடைத்து மிண்டின் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடு. ராமை 4 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் இன்னும் சில வருஷம் உழைக்கும். லினக்ஸ் லேசுதான், பிரவுசர் லேசில்லை. 2 ஜிபியில் பத்து டேப் திறந்தால் எந்த ஓ.எஸ்ஸும் முருகா என்றுதான் கத்தும்.

? ஆர்ச் லினக்ஸ் போட்டால்தான் கெத்து என்கிறான் ரூம்மேட்.
– ஒட்டன்சத்திரம் வாசகர்

காவடி எடுப்பது வேண்டுதல் உள்ளவருக்கு. உங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஃபார்ம்தானே நிரப்ப வேண்டும்?

? உபுண்டு, ஜோரின் எல்லாம் மட்டமா?
– ஆயக்குடி வாசகர்

இரண்டும் தங்கம். தெருவில் விஷயம் தெரிந்தவர் எதை வைத்திருக்கிறாரோ, கண்ணை மூடிக்கொண்டு அதையே போடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வைஃபை காணாமல் போனால் கூகுள் வீட்டுக்கு வராது. பக்கத்து வீட்டு அண்ணன் வருவார்.

? பஞ்சாமிர்தம் மாதிரி ருசி பார்த்துவிட்டு வாங்க முடியுமா?
– அடிவாரக் கடைக்காரர்

தாராளமாக. 8 ஜிபி பென்டிரைவில் மிண்டின் ஐஎஸ்ஓ ஃபைலை ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு ஏற்றுங்கள். வெறுமனே காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது. ஆன் செய்யும்போது எஃப்12 தட்டுங்கள். சில கம்பெனிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே டெஸ்க்டாப் வந்து நிற்கும். வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் மூன்றையும் அங்கேயே சோதியுங்கள். பிடித்திருந்தால் முதலில் ஃபைல்களை வேறு டிஸ்கில் பத்திரப்படுத்துங்கள், அப்புறம் இன்ஸ்டால். "எரேஸ் டிஸ்க்" என்று அதில் எழுதியிருப்பது சத்தியவாக்கு.

? ஜெராக்ஸ் கடை. பிரிண்டர் வேலை செய்யுமா?
– பேருந்து நிலையம் அருகில்

ஹெச்பி என்றால் பெரும்பாலும் சொருகியதும் ஓடும்; லினக்ஸுக்கென்று அந்தக் கம்பெனியே டிரைவர் தருகிறது. உங்கள் மேஜையில் இருப்பது கேனான் எல்பிபி 2900 என்றால், தனி டிரைவரோடு மல்லுக்கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

? ஃப்ளெக்ஸ் டிசைன் கடை. மாறலாமா?
– திண்டுக்கல் ரோடு

கோரல் டிராவில்தான் பிழைப்பு என்றால் வேண்டாம். இங்க்ஸ்கேப் இலவசம், நல்ல மென்பொருள், நிதானமாகப் பழகுங்கள். பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் ஆப்பரேட்டர் தலையில் கட்டாதீர்கள், ஓடிவிடுவார்.

? தமிழில் டைப் அடிக்க?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலசமுத்திரம்

ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவுங்கள், ஐயா. தமிழ்99-ம் இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. இரண்டும் இலவசம். எழுத்துப்பிழை மட்டும் சொந்தச் செலவு.

? சந்தேகம் வந்தால் படிக்கத் தமிழில் ஏதாவது உண்டா?
– கீரனூர் வாசகர்

2012-இலிருந்து கணியம் இதழ் லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதி வருகிறது, மின்னூல்களும் இலவசம். ஒன்று மட்டும்: எங்கோ படித்த கட்டளை "சூடோ" என்று தொடங்கினால், அர்த்தம் தெரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள். பாஸ்வேர்டு கேட்கும். அதன்பிறகு உங்களை எதையும் கேட்காது.