பொல்லாத மனைவிக்கு ஒரு காலியிடம்

நீங்களும் கவனித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் யாருடைய முப்பாட்டனாரும் சாதாரண ஆள் கிடையாது. ஒருவர் சோழர் படையில் தளபதி. இன்னொருவர் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய குதிரை வியாபாரி. அந்தக் குதிரைக்குப் புல் அள்ளிப் போட்டவர், தளபதிக்குக் குடை பிடித்தவர், கப்பலில் கடைசிவரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர், இவர்களெல்லாம் என்ன ஆனார்கள்? எண்ணிக்கையில் அவர்கள்தானே அதிகம்? ஆனால் அவர்களுக்குப் பேரன் பேத்தி என்று ஒரு ஆள்கூட மிஞ்சவில்லை. மருத்துவ உலகம் விளக்க வேண்டிய அதிசயம் இது!

தனி மனிதர்களைச் சொல்வானேன், எங்கள் ஊரே அப்படித்தான். அதிராம்பட்டினம் அதிவீரராம பாண்டியன் பெயரால் அமைந்தது என்போம். நைடதமும் வெற்றிவேற்கையும் எழுதிய புலவர்-ராஜா அவர். 16ஆம் நூற்றாண்டு, ஆட்சி நடந்தது தென்காசியில். தென்காசி ராஜாவுக்குப் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, உப்பளமும் அலையாத்திக் காடுமாகக் கிடக்கிற கடற்கரையில் என்ன ஜோலி என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கேள்வி உங்களைப் பார்த்து வரும்: "தம்பி, நீங்க எந்த ஊரு?"

ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வித்தையை நமக்குக் கற்றுக்கொடுத்ததே சோழர்கள்தான். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வம்சம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? சூரியனில். அங்கிருந்து மனு, இக்ஷ்வாகு, புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபி என்று இறங்கி இறங்கி, ஒருவழியாகத் தஞ்சாவூர் வந்து சேர்கிறது. நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு சொத்துப் பத்திரம், ம்ஹூம். கங்கை வரைக்கும் படை அனுப்பியவரிடம் போய், "மகாராஜா, நடுவுல நாலு தலைமுறை இடிக்குதே" என்று சொல்ல எந்த ஓலைநாயகத்துக்குத் தைரியம் வரும்? பாண்டியர்கள் தங்கள் பங்குக்குச் சந்திரனைப் பிடித்துக்கொண்டார்கள். சூரியன்தான் ஏற்கெனவே புக் ஆகிவிட்டதே!

ஆனால் என் ஓட்டு சரபோஜிக்குத்தான். தஞ்சையை ஆண்ட மராத்திய ராஜா, இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகத்தைப் போஷித்தவர், கண் ஆபரேஷன் வரை ஆர்வம் காட்டிய அறிவாளி, எனக்கு ரொம்பப் பிடித்த ராஜா. அவருக்கு இருந்த ஒரே தலைவலி, அவர் ராஜாவின் மகன்தானா என்பது.

கதை இதுதான். 1787-ல் துளஜா மகாராஜா சாகக் கிடக்கிறார். பிள்ளை இல்லை. அவசர அவசரமாகச் சரபோஜியைத் தத்து எடுக்கிறார், கண்ணை மூடுகிறார். "இந்தத் தத்து செல்லாது" என்று துளஜாவின் தம்பி அமர்சிங் கிளம்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. பையன் அவன் அப்பாவுக்கு ஒரே மகன், அப்படிப்பட்டவனைத் தத்துக் கொடுக்கக்கூடாது, வயதும் தாண்டிவிட்டது, போதாததற்கு ராஜாவுக்கு அந்த நேரத்தில் புத்தி தெளிவாக இல்லை என்று பண்டிதர்கள் சாஸ்திரத்தை விரித்துவிட்டார்கள். அமர்சிங் ராஜா ஆனார். பத்து வருஷம் கழித்து அதே சாஸ்திரத்தை வேறு பண்டிதர்களிடம் கொடுத்தார்கள். தத்து பேஷாகச் செல்லும் என்று வந்தது. கோர்ட்டு பெஞ்ச் மாறினால் தீர்ப்பு மாறுகிற பழக்கம் நேற்று வந்ததல்ல.

1798-ல் சரபோஜி ராஜா. 1799-ல் கம்பெனியோடு ஒப்பந்தம்: கோட்டை உங்களுக்கு, ராஜ்யம் எங்களுக்கு, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு தருகிறோம். சரி, ராஜ்யம் போய்விட்டது, கையில் நேரம் இருக்கிறது, மனிதர் என்ன செய்தார்? 1803-ல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தன் போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராத்தியில் வெட்டச் சொன்னார். பக்கம் பக்கமாக, சுவர் சுவராக. நாட்டின் மிக நீளமான கல்வெட்டுகளில் ஒன்று அது. "நீ யார் மகன்?" என்று ஊரே பத்து வருஷம் கேட்ட ஒரு மனிதர், ஊரிலேயே பெரிய சுவராகப் பார்த்துப் பதில் எழுதியிருக்கிறார். எனக்கு அதைப் படித்தால் சிரிப்பு வராது; கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

சரி, அந்தச் சுவர் பிற்பாடு உதவியதா? 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி மொத்தச் சொத்தையும் வாரிக்கொண்டது. மூத்த ராணி காமாட்சிபாய் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1859-ல் தோற்றது. பிறகு சர்க்காரே மனமிரங்கிச் சொந்தச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, விதவை ராணிகள் ஒருவர் மேல் ஒருவர் கேஸ் போட்டார்கள். 1868-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே யாரும் சூரிய வம்சமா, சந்திர வம்சமா என்று கேட்கவில்லை. யார் மூத்தாள், யாருக்கு எவ்வளவு, அவ்வளவுதான் பேச்சு.

சொத்து என்று வந்ததும் எல்லாரும் எப்படிக் கறாராகி விடுகிறார்கள், பார்த்தீர்களா? வம்சப் பெருமையைச் சோதிக்க வேண்டுமானால் கல்வெட்டைப் பார்க்காதீர்கள். உயிலைப் பாருங்கள், கல்யாண ரிஜிஸ்டரைப் பாருங்கள். கல்வெட்டு எழுதும்போது மனிதன் ஊருக்குச் சொல்கிறான். உயில் எழுதும்போது மச்சினனுக்குச் சொல்கிறான். மச்சினனிடம் யாரும் சூரியனிலிருந்து ஆரம்பிப்பதில்லை.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. நமக்குக் குதிரைக் கப்பல் என்றால் அவர்களுக்கு மேஃப்ளவர். 1620-ல் போன அந்தக் கப்பலில் இருந்தது 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் காலி. ஆனால் இன்றைக்கு அந்தக் கப்பலில் தாத்தா வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நிற்க வைத்தால், கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கிவிடும். அதனால்தான் 1897-ல் ஆரம்பித்த மேஃப்ளவர் வாரிசுகள் சங்கம் வாய்க்கதையை ஏற்பதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, கல்யாணம், இறப்பு, எல்லாவற்றுக்கும் பேப்பர் கொண்டா என்கிறது.

பேப்பர் கேட்டால் பேப்பர் செய்து கொடுக்க ஆள் வராமலா இருப்பார்? வந்தார். பெயர் குஸ்டாவ் அன்ஜூ. பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஐரோப்பியப் பிரபு வம்சத்தில் தாத்தா பிடித்துக் கொடுப்பது தொழில். ஃபீஸ் 9,000 டாலர் வரை. அசல் ஆவணங்களுக்கு நடுவே அழகாக ஒரு போலி உயிலைச் செருகிவிடுவார். அதிலே தேவைப்பட்ட தாத்தா, தேவைப்பட்ட பேரனுக்கு, தேவைப்பட்ட நிலத்தை எழுதி வைத்திருப்பார். 1942-ல் அவர் செத்து அரை நூற்றாண்டு கழித்தும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தக் களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இதில் விசேஷம், அன்ஜூவும் அவர் சொந்தப் பெயர் இல்லை. ஸ்வீடனில் யுங்பெர்க் என்று பிறந்து, போலிக் கையெழுத்துக்காக ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர். ஊருக்கெல்லாம் தாத்தா செய்தவர், முதல் சாம்பிளைத் தனக்கே போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஆனால் ஓர் அமெரிக்க வம்சத்துக்கு மட்டும் அசல் சாட்சி சென்னையில் இருக்கிறது. நிஜமாகத்தான். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பாக ஒரு கல்லறை நிற்குமே, அதுதான்.

எலிஹு யேல். 1649-ல் பாஸ்டனில் பிறந்தார். மூன்று வயதில் பெற்றோர் இங்கிலாந்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள், அப்புறம் அமெரிக்கப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1672-ல் வருஷத்துக்கு 10 பவுன் சம்பளத்தில் கம்பெனி கிளார்க்காகச் சென்னைக்கு வந்தார். 1687-ல் கவர்னர். 1692-ல் சொந்த வியாபாரம் கம்பெனி வியாபாரத்தைவிடப் பிரமாதமாக நடக்கிறது என்று கண்டுபிடித்துப் பதவியைப் பிடுங்கினார்கள். 10 பவுன் சம்பளத்தில் இவ்வளவு சேமித்த சிக்கனத்தை யாரும் பாராட்டவில்லை.

சென்னைக் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச் 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. ஒரே வாரம், சுண்ணாம்பு காய்ந்ததா என்பதே சந்தேகம். நவம்பர் 4-ல் அங்கே முதல் கல்யாணம். மாப்பிள்ளை யேல். பெண், கேதரின் ஹின்மர்ஸ், கவுன்சில் பெரிய மனிதர் ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. ஜோசப் இறந்தது அதே வருஷம் மே மாதம். ஆறு மாசம்கூட முழுசாக ஆகவில்லை! பெண்ணோடு ஜோசப்பின் பிள்ளைகளும் சொத்தும் சேர்ந்து வந்தன. காதலாகவும் இருந்திருக்கலாம். ரிஜிஸ்டரில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

அவர்களுக்கு டேவிட் என்று ஒரு மகன். நாலு வயது நிறையும் முன்பே 1688-ல் போய்விட்டான். அவனை எங்கே அடக்கம் செய்தார்கள்? அம்மாவின் முதல் புருஷன் ஜோசப்பின் கல்லறையில். அதுதான் அந்தக் கூம்பு. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்து சுட்டதால், பிற்பாடு அந்த இடுகாட்டையே ஆங்கிலேயர்கள் காலி செய்தார்கள். இது தப்பியது. 2023-ல் கார் பார்க்கிங் கட்ட இடைஞ்சல் என்று இதை இடம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிரெஞ்சுத் தளபதி லாலியின் பீரங்கிக்குத் தப்பிய கல்லறை வக்கீல்களின் காருக்கு மாட்டிக்கொண்டது.

யேலுக்கு அந்தத் தாரத்தில் மிஞ்சியது மூன்று பெண்கள். இன்னொரு பக்கம், ஹிரோனிமா டி பைவா என்று ஒரு போர்ச்சுகீசிய யூத வைர வியாபாரியின் விதவை, அவர் மூலம் ஒரு பையன். (விதவைகள் விஷயத்தில் இவருடைய இரக்க சுபாவத்தைக் கவனிக்க.) அந்தப் பையனுக்கு யேல் என்ற பெயர் வரவில்லை, அல்மான்ஸா என்றே இருந்துவிட்டது. மனைவி கேதரின் 1689-ல் பெண்களைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்.

1699-ல் யேலும் பணமூட்டையோடு லண்டன் போனார். எல்லாம் இருக்கிறது, பேர் சொல்லப் பிள்ளை இல்லை. கனெக்டிகட்டிலிருந்து ஒரு சொந்தக்காரப் பையனை வாரிசாக்க வரவழைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. இந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து காட்டன் மேதர் என்ற பாதிரியார் நைசாக ஒரு கடிதம் எழுதினார்: எங்கள் குட்டிக் கல்லூரிக்கு உதவினால் உங்கள் பெயரை வைக்கிறோம், எகிப்துப் பிரமிடைவிட அது நிலைத்த ஞாபகச் சின்னமாக இருக்கும். பாவம், யேல் குடும்பத்துக்குக் கூம்பு வடிவ ஞாபகச் சின்னம் சென்னையில் ஏற்கெனவே இருப்பது அவருக்குத் தெரியாது. யேல் கொடுத்தது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், ஜார்ஜ் மன்னர் படம் ஒன்று. சரக்கு விற்று வந்தது 562 பவுன். 1718-ல் கல்லூரிக்கு யேல் பெயர் வைத்தார்கள். உலக வரலாற்றில் இதைவிட மலிவாக யாரும் அமரத்துவம் வாங்கியதில்லை.

1721-ல் இறந்தார். அவர் எழுதி முடிக்காமல் விட்ட உயிலில் "என் பொல்லாத மனைவிக்கு" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு வெறும் காலியிடம்! ஒரு காசு எழுதவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன ஆவணம் வேறு எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் முஸ்லிம் வீடாக இருந்தால் இந்தப் பாச்சா பலித்திருக்காது. பிள்ளைகள் உள்ளவர் இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அவள் பொல்லாதவளோ நல்லவளோ. உயிலே எழுதினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்க முடியாது. சிடுசிடுப்பைச் சொத்தாக எழுதி வைக்க ஷரீஅத்தில் பிரிவு இல்லை.

இப்போது கணக்கைப் போடுங்கள். முறையாகப் பிறந்த ஒரே மகன் சென்னையில் மண்ணுக்குள். பெண்களில் இருவர் கவெண்டிஷ், நார்த் என்று பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். பைவா மகன் வேறு பெயரில். ஆக, எலிஹு யேலின் நேர் வாரிசாக யேல் என்ற குடும்பப் பெயரோடு அமெரிக்காவில் ஒருத்தர்கூட இருக்க முடியாது. "எங்க கொள்ளுத்தாத்தா பேரில்தான் யூனிவர்சிட்டி" என்று அங்கே யாராவது ஆரம்பித்தால், அவர் வந்த வழி எலிஹுவின் சித்தப்பா தாமஸ் யேல் வழி. நம் வீட்டுக் கதவுகளில் தொங்குகிற யேல் பூட்டைச் செய்த லைனஸ் யேலும் அந்தச் சித்தப்பா வழிதான். கவர்னர் வழியில் கதவு 1688-லேயே சாத்தியாகிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. யேல் கவர்னராக இருந்தபோது, ஐரோப்பாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று உத்தரவு இருந்தது. பஞ்ச காலத்தில் அப்படிப் போனவர்களுக்கு உயில் இல்லை, ரிஜிஸ்டர் இல்லை, கூம்பு இல்லை. "எங்க தாத்தா அந்தக் கப்பலில் போனார்" என்று சொல்லி நம் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்துகிற ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே வாசகரே, உங்கள் தளபதித் தாத்தா மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. அவர் குதிரையில் வந்தாரோ, குதிரைக்குப் பின்னால் கூடையோடு வந்தாரோ, அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுப் பரணில் பழைய பாகப் பிரிவினைப் பத்திரம் இருந்தால் இறக்குங்கள். சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரோ, சர்ச் ரிஜிஸ்டரோ, கரையான் முந்திக்கொள்வதற்குள் பொறுப்பாளரைக் கேட்டு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த கல்யாணப் பந்தியில் யாராவது தளபதி கதையை எடுத்தால், தயவுசெய்து ரசம் வருவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.