பேனா எழுதுமா? கிறுக்கலியல் குறித்த ஓர் ஆய்வு

கல்வெட்டுக்கு அறிஞர் உண்டு, ஓலைச்சுவடிக்கும் உண்டு. ஸ்டேஷனரி கடைக் கல்லாவில், பேனா வாங்க வருவோர் எழுதிப் பார்ப்பதற்கென்றே கிடக்கும் துண்டுச் சீட்டுக்கு மட்டும் நாதியில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

சீட்டில் கிறுக்குவோர் மூவகையினர். சுழியர், ஸ்பிரிங் போலச் சுற்றிக்கொண்டே போவார்கள். கடைக்காரர் கையை நீட்டினால்தான் நிறுத்துவார்கள். பக்தர், பிள்ளையார் சுழி போட்டு அடியில் இரு கோடு இழுப்பார்கள். கையொப்பர்தான் துணிச்சல்காரர்கள். காசோலையில் போடும் அதே கையெழுத்தை, ஊர் பார்க்க, நான்கு முறை போட்டுக் காட்டிவிட்டுப் போவார்கள். மூவருக்கும் ஒரு பொதுக்குணம்: எழுதிப் பார்த்துத் திருப்தியடைந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதே மாதிரி புதுசு ஒண்ணு குடுங்க" என்பார்கள். ஆய்வு நடந்தது ஒரு பேனாவில், வாங்கியது இன்னொன்றை.

இத்துறையின் முன்னோடி ஒரு துறவி. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ராச்செஸ்டர் மடத்தில், சீவிய இறகுப் பேனா ஓடுகிறதா என்று பார்க்க, பழைய பிரசங்க நூலொன்றின் கடைசித் தாளில் இரண்டு வரி கிறுக்கினார். பறவைகளெல்லாம் கூடு கட்டத் தொடங்கிவிட்டன, நீயும் நானும்தான் பாக்கி என்ற பொருளில். துறவிக்கு ஏன் அந்த நினைப்பு என்பது நமது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. 1932இல் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் கண்ணில் பட்ட அந்தக் கிறுக்கல், டச்சு மொழியின் மிகப் பழைய இலக்கிய வரிகளுள் ஒன்றாக இன்று கொண்டாடப்படுகிறது. அதே மடத்தில் முதுகு ஒடியப் பிரதியெடுத்த பக்கங்களை யார் தேடிப் படிக்கிறார்கள்?

இதிலிருந்து கிறுக்கலியலின் முதல் விதி பிறக்கிறது: கணக்கில் வராத தாளில்தான் கை தாராளமாக ஓடும். ஐயமிருப்போர், துண்டுச் சீட்டில் மயில் தோகை வரைந்த அதே ஆளிடம் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிப் பார்க்கலாம். "மதிப்பிற்குரிய ஐயா" வரை பேனா பறக்கும். பிறகு மூடி பல்லுக்கு இடையில் போய்விடும்.

பேனா எழுதாத நிலை தனிப் பிரிவு. லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற பால்பாயிண்ட் பேனாவில், முனையிலுள்ள குண்டு உருண்டு மையை இழுத்து வரவேண்டும். மை காய்ந்தால் குண்டு சிக்கிக்கொள்ளும். சிகிச்சைகள் பல: உள்ளங்கையில் வைத்து உருட்டல், முனையில் "ஹா" என்று ஊதல், ரப்பர் செருப்பின் அடியில் தேய்த்தல். செருப்புச் சிகிச்சையே மேல் என்பது என் கட்சி. ரப்பரின் பிடிப்பில் குண்டு மறுபடி உருளத் தொடங்கும். மைப்பேனாக் காலத்தில் உதறல் ஒன்றே வழி. அதன் சான்றுகள் முன்பெஞ்சுக்காரர்களின் சட்டை முதுகில் பதிவாயின.

நூல் கட்டிய வங்கிப் பேனா இவ்விதிகளுக்கெல்லாம் விலக்கு. எழுதிப் பார்க்கச் சீட்டு இராது; செலானின் ஓரமே கதி. அங்கே ஒரு சுழி போட்டு, பேனா எழுதுகிறது என்று உறுதிசெய்து, முழுவதும் நிரப்பி நீட்டினேன். "ஓரத்துல என்ன சார் கிறுக்கல்? வேற செலான் எழுதிட்டு வாங்க" என்றார் அலுவலர். திரும்பிப் பார்த்தால், நூலின் மறுமுனையில் வேறொருவர் சுழி போட்டுக்கொண்டிருந்தார்.