நாளை என்பது எப்போது வரும்?

கேள்வி: "நினைத்தால் நாளைக்கே குடியை விட்டுவிடுவேன்" என்று பத்து வருடமாகச் சொல்கிறார் என் அண்ணன். நம்பலாமா?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: நம்புங்கள் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை, அந்த 'நாளை'தான் வரமாட்டேன் என்கிறது. வருடக்கணக்கில் இழுத்த உங்கள் ஊர் மேம்பாலத்தையே 2022-ல் திறந்துவிட்டார்கள்!

ஒன்று மட்டும் கவனம். "அறையில் பூட்டிவை, நாலு நாளில் சரியாகிவிடும்" என்று யோசனை சொல்ல ஒரு பெரியப்பா எந்தக் குடும்பத்திலும் இருப்பார். (அவரும் சாயங்காலம் எங்கேயோ போய்வருவார், அது வேறு கதை.) கேட்காதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவருக்கு மூளை சாராயத்துக்குப் பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரை போகலாம், உயிரும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

வசதியும் மனவுறுதியும் இருந்தால் தப்பிக்கலாம் என்றால், பெரிய தொழில் குடும்பமான டி.டி.கே. குடும்பத்தில் ஒரு குடிச்சாவு நடந்திருக்கக் கூடாது. குடிநோயால் 1979-ல் கணவரை இழந்த அந்த வீட்டு மருமகள் சாந்தி ரங்கநாதன், மறுவருடமே சென்னையில் போதை மீட்பு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். இன்று அடையாறில் இருக்கிறது. அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் ஆலோசனை உண்டு. மேடவாக்கத்திலிருந்து ஒன்றும் தூரமில்லை.

முதலில் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்குப் போன் போடுங்கள், கட்டணமில்லை. அண்ணன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.