பூத்தண்ணீர் வைத்தியம்

இங்கிலாந்து டாக்டர் எட்வர்ட் பாக் 1930களில் பரப்பிய மலர் மருந்தின் பக்குவம் எளிது. ஊற்றுநீரில் பூவை மிதக்கவிட்டு வெயிலில் வைக்க வேண்டும், அல்லது கொதிக்கவைக்க வேண்டும். பூவை எறிந்துவிட்டு, தண்ணீரில் பிராந்தி சேர்த்து, அதையும் நீர்க்கச் செய்ய வேண்டும். மொத்தம் 38 மருந்து. ஒன்றில் பூவே கிடையாது, வெறும் ஊற்றுநீர். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு!

மருந்தெல்லாம் மனநிலைக்குத்தான். பொறாமைக்கு ஹாலிப் பூ. பிள்ளையை முந்தானையில் முடிந்துகொள்ளும் அம்மாவுக்குச் சிக்கரி. நம் ஃபில்டர் காபியில் அதன் வேரையே வறுத்துப் போட்டுத் தலைமுறைகளாகக் குடிக்கிறோம். எந்த மாமியாரும் மகனை விட்டுக்கொடுத்ததாகத் தகவல் இல்லை.

ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட், மருந்துப்போலியைவிட மலர் மருந்து மேலில்லை என்று 2002லும் சொன்னார், 2010லும் சொன்னார். ஆனாலும் நாலு சொட்டு விட்டால் வீடு அமைதியாகத்தான் செய்கிறது. சொட்டை எண்ணி முடிக்கும்வரை அப்பா கத்துவதில்லையே.